கரண்ட் பட்டி கட்டினால் என் கணவரின் மூச்சு தேறுமா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 43 வயது. 2009 இல் எறிகணை (செல்) துண்டு பட்டுக் கழுத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டது. கிளினிக் அட்டையில் 'சீ 6', அதாவது கழுத்தின் ஆறாம் மட்டம், என்று எழுதியிருக்கிறதாம். தோளை அசைப்பார், முழங்கையை மடக்குவார், மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குவார். விரல்கள் வேலை செய்யாது. நெஞ்சுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அடிவயிற்றில் துளையிட்டுச் சலக்குழாய் போட்டிருக்கிறது. முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் அன்று எடுக்காமல் விட்ட துண்டுகள் இன்னும் இருக்கின்றன.

கடந்த மாரியில் இரண்டு தடவை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இரண்டாம் தடவை அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்த் தப்பி வந்திருக்கிறார். "இருமல் வருது டொக்டர், ஆனா சத்தம் மட்டும்தான் வருது. சளி வெளியில வர ஏலாமல் உள்ளுக்கையே நிக்குது" என்று எழுதுகிறார் சகோதரி. சளி அடைக்கும்போதெல்லாம் 17 வயது மகன் ஓடிவந்து அப்பாவின் வயிற்றை அமுக்கி இருமவைக்கிறான். உயர்தரம் படிக்கிறான். யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்க இடம் கிடைத்தும், "நான் போனா அப்பாவுக்கு ஆர் அமுக்கிறது" என்று சொல்லி மறுத்துவிட்டான்.

கனடாவில் இருக்கும் அண்ணா, வாதம் வந்தவர்களின் தசைக்குக் கரண்ட் கொடுத்து மூச்சைச் சீராக்கலாம் என்று எங்கோ பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டும் கரண்ட் பட்டி ஒன்றை அனுப்பப் போவதாகச் சொல்கிறார். இன்னொருவர், இந்தியாவுக்குக் கொண்டுபோனால் மூச்சு இழுக்கும் கருவியை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள், வயலை விற்றாவது செய்யுங்கள் என்கிறார். பட்டியை வாங்கலாமா, வயலை விற்கலாமா, மகன் அமுக்குவதால் உள்ளே ஏதும் கெட்டுப்போகுமா? இவைதான் கேள்விகள். கடைசியில், கேள்வியாக இல்லாமல், அவர் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், காலையில் தலையிடி என்கிறார், இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் செய்வது கெடுதல் இல்லை. உங்கள் கணவர் இவ்வளவு காலம் இருப்பதற்கு அந்தக் கைகளும் ஒரு காரணம். இருமும் நேரத்தில் வயிற்றை அமுக்கிக் கொடுப்பது மறுவாழ்வு வைத்தியத்தில் நாங்களே சொல்லிக்கொடுக்கும் முறை. அதைச் சரியாகச் செய்யும் விதத்தைக் கீழே எழுதுகிறேன்.

அடுத்தது, உங்கள் கடிதம் முழுக்க ஓடும் ஓர் எண்ணம். அவருக்கு மூச்சு இழுக்க முடியவில்லை, அதனால் இழுத்துக்கொடுக்க ஒரு மெசின் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இதைத்தான் முதலில் திருத்தவேண்டும். அவருடைய பெரிய பிரச்சினை மூச்சை இழுப்பதில் இல்லை, பலமாக வெளியே தள்ளுவதில்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிரிமென்றகடு என்று படித்திருப்பீர்கள். மூச்சை உள்ளே இழுப்பதில் பெரும்பங்கு அதனுடையது. அதற்குப் போகும் நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆம் மட்டங்களிலிருந்து புறப்படுகிறது. உங்கள் கணவருக்கு அடி விழுந்தது ஆறாம் மட்டத்தில். அதனால் அந்த நரம்பு தப்பிவிட்டது. இத்தனை வருடமாகச் சுவாச இயந்திரம் இல்லாமல் அவர் மூச்சுவிடுவது அதனால்தான். ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் நரம்பு வருவது அதற்கும் கீழே, நெஞ்சு மட்டத்திலிருந்து. அவை மூளையின் சொல் கேட்காமல் கிடக்கின்றன. சாதாரணமாக மூச்சை வெளியே விட அந்தத் தசைகள் அவ்வளவாகத் தேவையில்லை. இருமுவதற்கோ அவை இல்லாமல் முடியாது. ஒருவர் இருமும்போது அவர் வயிற்றில் கைவைத்துப் பாருங்கள், கல்லு மாதிரி இறுகும். உங்கள் கணவரின் வயிறு இறுகுவதில்லை. சத்தம் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான அவதானிப்பு.

சளி வெளியே வராவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி அடைபட்டுச் சுருங்கும், பிறகு கிருமி பிடிக்கும். கழுத்தில் அடிபட்டவர்களின் உயிரைப் பறிக்கும் முக்கிய காரணங்களில் நிமோனியா இன்றும் ஒன்று. ஆகவே உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தில் எதை வாங்குவது, எதை விற்பது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

உள்ளே வைத்துத் தைக்கும் கருவி

இப்படி ஒரு கருவி உண்மையில் இருக்கிறது. பிரிமென்றகட்டையோ அதன் நரம்பையோ சின்னச் சின்ன மின்துடிப்புகளால் தூண்டி மூச்சை இழுக்கவைப்பது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1960களிலேயே இந்த வேலையில் இறங்கினார். குதிரையிலிருந்து விழுந்து கழுத்து உடைந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003 இல் கிளீவ்லாந்தில் இதன் புதிய வகை ஒன்றைப் பொருத்தினார்கள். அந்த வகைக்கு 2008 இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. வீடியோக்களில் சுவாச இயந்திரத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசுகிறவர்களைப் பார்த்தால் மனம் ஆசைப்படத்தான் செய்யும்.

ஆனால் அது யாருக்கு? கழுத்தின் மிக மேல்மட்டத்தில் அடிபட்டு, தானாக மூச்சு இழுக்கவே முடியாமல் சுவாச இயந்திரத்தோடு வாழ்கிறவர்களுக்கு. அவர்களிலும், பிரிமென்றகட்டு நரம்பு உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் கணவரின் பிரிமென்றகடு மூளை சொல்வதைக் கேட்டு ஏற்கெனவே வேலை செய்கிறது. அதற்கு இன்னொரு முதலாளி தேவையில்லை. அந்தக் கருவி இருமலையும் பலமாக்காது. அதோடு, எல்லா வாதமும் ஒன்றில்லை. நரம்பணுக்களே படிப்படியாக அழியும் ஒருவகை நோயாளர்களுக்கு இதே கருவியைப் பொருத்திப் பார்த்த பிரித்தானிய ஆய்வு ஒன்று 2015 இல் வெளிவந்தது. கருவி பொருத்தப்பட்டவர்கள் பொருத்தப்படாதவர்களைவிட முந்தி இறந்தார்கள். கருவி நல்லதா என்று கேட்பதற்கு முன், இவருக்கு எந்தத் தசை, எந்த நரம்பு, என்ன குறை என்று கேட்கவேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வயலை விற்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. யாராவது இந்த ஒப்பரேசனுக்கென்று முற்பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம். உங்கள் கிளினிக் அட்டையையும் ஸ்கான் அறிக்கையையும் முதலில் ஒரு மறுவாழ்வு வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.

வயிற்றுக்குக் கரண்ட் கொடுப்பது

அண்ணா பார்த்தது பொய்யில்லை. வயிற்றுத் தசைகளைத் தோலுக்கு மேலிருந்தே மின்துடிப்பால் இறுக்கி இருமலைப் பலப்படுத்தும் முறை பல வருடங்களாக ஆராயப்படுகிறது. சிட்னியிலுள்ள நரம்பியல் ஆராய்ச்சி நிறுவனமான நியூரா இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். வீட்டுச் சுவிட்சுக்கும் கிணற்றடி வாட்டர் பம்புக்கும் நடுவில் வயர் அறுந்துபோனால் பம்ப் ஓடாது, ஆனால் பம்ப் பழுதில்லை. பக்கத்திலிருந்து நேரே கரண்ட் கொடுத்தால் ஓடும். உங்கள் கணவரின் வயிற்றுத் தசைகளுக்கான நரம்பணுக்கள் அடிபட்ட இடத்துக்குக் கீழே இருப்பதால் அவை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். விலாவுக்குக் கீழே, வயிற்றின் இரு பக்கங்களிலும் ஒட்டும் தகடுகளை வைத்து வினாடிக்கு 30 முதல் 50 துடிப்பு என்ற அளவில் தூண்டினால் தசை இறுகும். அவர் இருமும் அதே கணத்தில் அது இறுகினால், வெளியே வரும் காற்றின் வேகம் கூடும். சில வாரங்களுக்குத் தொடர்ந்து பயிற்சியாகச் செய்தால் தூண்டாத நேரத்திலும் மூச்சின் கொள்ளளவு ஓரளவு கூடியதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஓரளவுதான். நிறுத்தினால் கிடைத்த பலன் மெல்ல மெல்லக் குறையும். முறிந்த வடத்தை இது திரும்ப ஒட்டவைக்காது.

உங்கள் கணவரின் விடயத்தில் ஒரு சந்தேகத்தையும் தீர்க்கவேண்டும். முதுகிலும் துண்டுகள் இருக்கின்றன என்கிறீர்கள். அந்தத் துண்டுகள் நெஞ்சு மட்டத்து நரம்புகளையும் சேதப்படுத்தியிருந்தால் தசைக்குப் போகும் கடைசி நரம்பே இல்லை, தூண்டினாலும் வயிறு இறுகாது. இதை அறிய வெளிநாடு போகத் தேவையில்லை. பிசியோதெரபிப் பிரிவில் தசை தூண்டும் மெசின் இருந்தால் இயன்மருத்துவர் தகட்டை ஒட்டிப் பார்த்துச் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுவார். பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்யாத தசை, ஆரம்பத்தில் கொஞ்சமாகத் துடித்துவிட்டுக் களைத்துப்போகும். அதைப் பார்த்து மனம் விடவேண்டாம்.

அண்ணா அனுப்பும் பட்டி ஏன் வேண்டாம்

உடற்பயிற்சிக்காரர்கள் வயிற்றைக் கட்டுமஸ்தாக்கக் கட்டும் பட்டி தனக்குப் பிடித்த நேரத்தில் இறுக்கும், தனக்குப் பிடித்த நேரத்தில் விடும். உங்கள் கணவர் மூச்சை இழுக்கும் நேரம் பார்த்து வயிறு இறுகினால், கீழே இறங்கவேண்டிய பிரிமென்றகட்டுக்கு அது இடைஞ்சல். மூச்சுக்கான மெசின்கள் மூச்சு வெளியேறும் நேரத்தை அறிந்து தூண்டும், அல்லது ஒருவர் கையில் பட்டனை வைத்துக்கொண்டு இருமலோடு சேர்த்து அழுத்துவார்.

அடுத்தது தோல். அவருக்கு வயிற்றில் உணர்வில்லை. எனக்கோ உங்களுக்கோ சுட்டால் கையைத் தட்டிவிடுவோம். அவருக்குச் சுட்டது தெரியாது, நீங்கள் பட்டியைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். சலக்குழாய்த் துளைக்கு மேலும், தோலுக்கு அருகிலிருக்கும் செல் துண்டுகளுக்கு மேலும் தகடு வைக்கக்கூடாது. துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று எக்ஸ்றே பார்க்காமல் தொடங்கவே கூடாது. வன்னியில் எத்தனையோ பேரின் உடம்பில் இப்படித் துண்டுகள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கையேடுகளில் இதைப் பற்றித் தனியாக எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது, ஆகவே நீங்கள்தான் வாய் திறந்து சொல்லவேண்டும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் பயப்படுத்துவது. நெஞ்சின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, கீழே உடம்பில் ஏதாவது உறுத்தினால் பிரஷர் திடீரென்று ஏறும். சலப்பை நிரம்பி அடைத்தால், மலம் இறுகினால், படுக்கைப்புண் இருந்தால், கரண்ட் பலமாகத் தூண்டினால்கூட இது வரலாம். தலை வெடிக்கிற மாதிரி இடிக்கும், முகமும் கழுத்தும் சிவக்கும், வியர்க்கும், நாடி மெதுவாகும். இப்படிப்பட்டவர்களுக்கு மேல் பிரஷர் வழமையாக 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே 140 என்பது மற்றவர்களுக்குப் பெரிய எண்ணாகத் தெரியாவிட்டாலும் இவருக்கு அபாயம். அப்படி வந்தால் உடனே நிமிர்த்தி இருத்துங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், கட்டியிருப்பதையெல்லாம் தளர்த்துங்கள், சலக்குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். சில வைத்தியசாலை ஊழியர்களுக்கே இது பழக்கமில்லாத விடயம். "இவருக்கு வழமையான பிரஷர் இவ்வளவு, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்" என்று ஒரு தாளில் எழுதி அவருடைய சக்கர நாற்காலியிலேயே வைத்திருங்கள்.

மேற்பார்வையோடு, பொருத்தமான மெசினில், அளவை மெல்ல மெல்லக் கூட்டி, பிரஷர் பார்த்துப் பார்த்துச் செய்தால் இந்த ஆபத்துகளைச் சமாளிக்கலாம். தபாலில் வந்த பட்டியை விறாந்தையில் வைத்துக் கட்டிப் பார்ப்பது வேறு விடயம்.

மெசின் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவை

வயிற்றை அமுக்கும் முறை. ஒரு கையின் அடிப்பகுதியைத் தொப்புளுக்கு மேலே, விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே வைக்கவேண்டும். மற்றக் கை அதன் மேல். அவர் ஆழமாக இழுத்து, ஒரு கணம் பிடித்து, இருமத் தொடங்கும் அதே நேரம் உள்ளேயும் மேலேயுமாக ஒரு தள்ளு. விலா எலும்பின் மேலும் நெஞ்செலும்பின் நுனியிலும் அமுக்கக்கூடாது. நீண்ட காலம் நடக்காதவர்களின் எலும்பு மெலிந்திருக்கும், முறியலாம். சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வேண்டாம். நாற்காலியில் இருந்தால் பிரேக் போட்டிருக்கவேண்டும். இழுப்பது ஆழமாக இல்லாவிட்டால் தள்ளுவதில் பலனில்லை. ஆழமாக இழுக்க, கையால் அமுக்கி மூச்சுக்கொடுக்கும் காற்றுப் பையையும் மாஸ்க்கையும் கொண்டு மூன்று நான்கு தடவை காற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிரப்பும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு, கொடுத்த காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வேண்டும். இதை இயன்மருத்துவரிடம் நேரே பழகிக்கொண்டுதான் வீட்டில் செய்யவேண்டும்.

அவரே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. முழங்கை மடங்கும், மணிக்கட்டு தூக்கும் என்பதால், நாற்காலியில் இருந்தபடி ஒரு தலையணையை வயிற்றோடு வைத்து, கைகளை அதன் மேல் மடித்து, ஆழமாக இழுத்துவிட்டு, இருமும்போது சட்டென்று முன்னுக்குச் சாயலாம். சாயும் வேகம் வயிற்றை உள்ளே தள்ளும். விழாமல் இருக்க ஆரம்பத்தில் முன்னால் ஒருவர் நிற்கவேண்டும். இது கைவந்தால் சின்னச் சளிக்கு மகனைக் கூப்பிடவேண்டியிருக்காது.

நிமிர்த்தி வைத்தால் மூச்சு இலேசாகும் என்று நினைத்துத் தலையணைகளை அடுக்கி இருத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்துமாக்காரருக்கு அது சரி. உங்கள் கணவருக்கு நேர்மாறு. நிமிர்ந்திருந்தால் தளர்ந்த வயிறு முன்னுக்குச் சரியும், பிரிமென்றகடும் அதோடு கீழே இறங்கிவிடும், இழுக்க இடம் குறையும். மட்டமாகப் படுத்திருக்கும்போது அவருடைய மூச்சின் அளவு கூடும். அப்படியென்றால் நாள் முழுக்கப் படுக்கவைக்கச் சொல்லவில்லை. இருத்தும்போது வயிற்றைச் சுற்றி அகலமான இழுபட்டி ஒன்றைக் கட்டுங்கள், கரண்ட் இல்லாத வெறும் பட்டி. கீழ் விலாவுக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரை. விலாவின் மேல் ஏறினால் மூச்சைப் பிடிக்கும். சலக்குழாயை நசுக்காமல் பாருங்கள், கழற்றும்போதெல்லாம் தோலில் சிவப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சாப்பிடும்போதும் சாப்பிட்ட பிறகும் மட்டும் கட்டாயம் நிமிர்ந்திருக்கவேண்டும், புரையேறாமல் இருக்க.

அடுப்புப் புகை அவர் படுக்கும் பக்கம் வராமல் பாருங்கள். சூடடிக்கும் நாட்களில் நெல்லுத் தூசியும் அப்படித்தான். மாரி தொடங்குமுன் இன்புளுவன்சா தடுப்பூசியும், நிமோகொக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியும் போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வெளியே பணம் கொடுத்து வாங்கவேண்டிவரலாம். அண்ணாவின் காசுக்கு அது பட்டியைவிட நல்ல வழி.

குறட்டையும் காலைத் தலையிடியும்

இதை நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், நான் படித்தவுடன் நின்ற இடம் இதுதான். பகல் தூக்கம், காலைத் தலையிடி, பலமான குறட்டை மூன்றும் சேர்ந்தால் இரவில் மூச்சு இடையிடையே தடைப்படுகிறது என்று சந்தேகிக்கவேண்டும். கழுத்தில் வடம் பாதிக்கப்பட்டவர்களிடம் இது மிக அதிகம். மூச்சு போதாமல் கரியமிலவாயு உடம்பில் தங்குவதும் காரணமாக இருக்கலாம். கவலையாலோ மருந்தாலோ வரும் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். பகலில் விரலில் மாட்டிப் பார்த்து ஒட்சிசன் சரியாக இருக்கிறது என்பதால் இரவிலும் சரி என்று அர்த்தமில்லை.

மாவட்ட வைத்தியசாலையின் நெஞ்சு நோய்க் கிளினிக்கில் இதைச் சொல்லி, இரவு முழுக்க ஒட்சிசன் அளவைப் பதியும் பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது உறுதியானால் இரவில் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் மெசின் உதவும். உங்கள் கணவருக்கு ஏதாவது மெசின் தேவை என்றால், அது இதுவாக இருக்கும் வாய்ப்பே கூட. அதுவரை பக்கவாட்டில் படுக்கவையுங்கள். நித்திரைக் குளிசை வேண்டாம். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பக்லோபன் போன்ற குளிசைகளை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மதுவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒட்சிசன் மெசின் இரவல் வாங்கி இரவில் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வைத்தியர் சொல்லாமல் போடாதீர்கள். அவருக்கு ஒட்சிசன் இறங்குவது பெரும்பாலும் சளி அடைப்பதாலும் மூச்சு போதாததாலும்தான். ஒட்சிசனைக் கூட்டினால் விரலில் மாட்டும் மெசின் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டேயிருக்கும், உள்ளே கரியமிலவாயு ஏறிக்கொண்டேயிருக்கும். எண் 95 க்குக் கீழே வந்தால் முதலில் சளியை நினையுங்கள், இருமவையுங்கள். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால், காய்ச்சலோ பச்சைச் சளியோ இருந்தால், பேச்சுத் தடுமாறினால், உதடு நீலித்தால் 1990. அவருக்கு நெஞ்சுநோ தெரியாது என்பதால் நிமோனியாவின் முதல் அடையாளமே வெறும் சோர்வாகவோ கால்கள் வழமையைவிட அதிகமாக இழுப்பதாகவோ இருக்கலாம். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

கிளினிக்குக்குப் போனால் வரிசையில் நின்று மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதுதான் நம்மில் பலரின் பழக்கம். அரச வைத்தியசாலையில் இந்தப் பரிசோதனைகளை இலவசமாகக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. சண்டை பிடிக்கவேண்டியதில்லை, கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்டால் போதும்.

முதலில் இருமல் வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமாக்காரருக்கு ஊதக்கொடுக்கும் அதே சின்னக் குழாயில் ஊதுவதற்குப் பதிலாக இருமவைத்தால் எண் தெரியும். நிமிடத்துக்கு 160 லீற்றருக்குக் கீழே என்றால் அந்த இருமலால் சளியை வெளியேற்ற முடியாது. 270 க்குக் கீழே என்றால் சாதாரண தடிமன் வந்தாலும் ஆபத்து. தனியாக இருமும்போது ஒன்று, மகன் அமுக்கும்போது ஒன்று என்று இரண்டையும் அளக்கவேண்டும். எந்த மெசின் பற்றிப் பேசுவதும் இந்த இரண்டு எண்களுக்குப் பிறகுதான். அமுக்கியும் 160 ஐத் தாண்டாவிட்டால், காற்றை உள்ளே தள்ளி உடனே உறிஞ்சியெடுக்கும் இருமல் மெசினைப் பற்றியும் வயிற்றுத் தூண்டலைப் பற்றியும் கேளுங்கள். ராகமையிலுள்ள வாத, மறுவாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். தூரம்தான், செலவும்தான். ஆனால் வயலை விற்கும் செலவில்லை. வன்னியில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக இயங்கும் உயிரிழை அமைப்பில், இதே பாதையில் போய் வந்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் விசாரியுங்கள். இருமல் மெசினுக்கும் இரவு மெசினுக்கும் கரண்ட் வேண்டும் என்பதால், உங்கள் பக்கம் கரண்ட் போகும் நேரங்களை நினைத்து மாற்று பற்றரிக்கும் கணக்குப் பாருங்கள். உதவி உபகரணங்களுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் வைத்தியரின் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அண்ணா என்ன சொல்கிறார், ஊர் என்ன சொல்கிறது, மகன் என்ன சொல்கிறான் என்று எல்லாம் இருக்கிறது. இவற்றைப் பற்றிக் கணவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. வயல் அவருடையதும்தான், மூச்சும் அவருடையது. இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டிருந்த நாட்களைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். மறுபடி அப்படி வந்தால் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதையும் அவர் நல்ல தெளிவோடு இருக்கும் ஒரு நாளில் கேட்டுவையுங்கள்.

மகனின் விடயத்தில், அவன் படிப்பை மெசின் வரும்வரை நிறுத்தி வைக்கவேண்டாம். அமுக்கிவிடும் முறையை நீங்களும், பக்கத்திலிருக்கும் இன்னும் இரண்டு பேரும் பழகவேண்டும். கணவரின் சகோதரங்கள், முன்வீட்டுத் தம்பி, யாராக இருந்தாலும் சரி. அடுத்த கிளினிக் நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், இயன்மருத்துவர் முன்னாலேயே ஒவ்வொருவராக அமுக்கிப் பார்க்கட்டும். மகன் அமுக்கும்போது வரும் எண்ணுக்குக் கிட்டவாக அவர்கள் கையிலும் வந்தால், யாழ்ப்பாணத்தில் அவனுக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி அவனோடும் அப்பாவோடும் சேர்ந்து பேசலாம்.